வடாம் வெயிலா, வாரம் ஒரு சாஷேவா?

போன வருடம் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டேன். அன்று மாலையே ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. பதினாறு பக்கம். அதில் ஒரு வரி மட்டும் சிவப்புக் கட்டத்துக்குள் இருந்தது: வைட்டமின் டி, 14 (ஒரு மில்லி ரத்தத்தில் எத்தனை நானோகிராம் என்ற கணக்கு). பக்கத்திலேயே 'குறைபாடு' என்று போட்டு, ஒரு வாடிய முகத்தின் படமும் வரைந்திருந்தார்கள்.

அப்போது எனக்கு நாலைந்து மாதமாகத் தூக்கம் சரியில்லை. பதினொன்றுக்குப் படுத்தால் ஒரு மணி வரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்றரைக்கு மறுபடி முழிப்பு வந்துவிடும். பகலில் எதிலும் பிடிப்பில்லை. பிடித்த சீரியலைக்கூடப் பாதியில் அணைத்துவிட்டு எழுந்து போவேன். மேடவாக்கத்தில் மூன்றாவது மாடி வீடு, வீட்டிலிருந்தே கணக்கு வேலை. நாள் முழுக்க ஏசி அறைதான். செருப்பைக் காலில் மாட்டாமலே போன நாட்கள் உண்டு. அதனால் அந்த 14-ஐப் பார்த்ததும் ஒரு நிம்மதி வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் காரணம் இதுதான், ஒரு மாத்திரையைப் போட்டால் தீர்ந்தது.

அப்புறம் வந்தது குழப்பம். ஒவ்வொருவரும் ஒரு வழி சொன்னார்கள். காலை வெயிலில் நில் என்றார் மாமியார். வாரம் ஒரு சாஷே, அதாவது பாலில் கலக்கிக் குடிக்கும் டி பொடிப் பாக்கெட், போதும் என்றாள் தோழி. அதெல்லாம் மெதுவாகத்தான் வேலை செய்யும், ஒரே ஊசியில் முடித்துவிடு என்றார் அலுவலக நண்பர். தினமும் சின்ன மாத்திரைதான் நல்லது என்றாள் லண்டனில் இருக்கும் சித்தி மகள். மீனும் முட்டையும் சாப்பிடு என்றது யூடியூப். இதில் எதை எடுப்பது என்று நான் அலசிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. கணக்குப் பார்க்கிறவள், எந்த எண்ணையும் சும்மா விடமாட்டேன், அவ்வளவுதான்.

முதலில் ஒன்றைத் தீர்த்துக்கொள்வோம். டி குறைந்தால் தூக்கம் கெடுமா, மனசு சோருமா?

குறைவாக இருப்பவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாகக் காணப்படுகிறது என்பது உண்மை. 2013-ல் பல ஆய்வுகளைச் சேர்த்து, முப்பத்தோராயிரம் பேருக்கு மேல் வைத்துப் பார்த்த ஒரு தொகுப்பில் அப்படித்தான் வந்தது. தூக்கக் கோளாறுக்கும் இதே மாதிரித் தொடர்பு தெரிகிறது. உடம்புக்குள் அதற்கு வழியும் இருக்கிறது. டி சத்தைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் மூளையில் பல இடங்களில் உண்டு. மனநிலையோடு சேர்த்துப் பேசப்படும் செரட்டோனினை மூளையில் உண்டாக்கும் நொதியை டி தூண்டக்கூடும் என்று ஒரு கருத்தும் இருக்கிறது. அந்தச் செரட்டோனினிலிருந்துதான் தூக்க நேரத்தை உடம்புக்குச் சொல்லும் மெலட்டோனின் இரவில் உருவாகிறது. கேட்கக் கோவையாகத்தான் இருக்கிறது.

ஆனால் திருப்பிப் போட்டும் யோசிக்க வேண்டும். மனசு சோர்ந்தவர் வெளியே போகமாட்டார். சரியாகச் சாப்பிடமாட்டார். உடம்பு போட்டுவிட்டால் டி சத்து கொழுப்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும், ரத்தத்தில் எண் குறைவாகக் காட்டும். அதாவது சோர்வினால் டி குறைந்ததா, டி குறைந்ததால் சோர்வா? என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கம் கெட்டதால் காலையில் எட்டரைக்கு எழுந்தேன், அதனால் வெளியே போகவில்லை, அதனால்கூட 14 வந்திருக்கலாம்.

இதைப் பிரித்தறிய ஒரே வழி, பாதிப் பேருக்கு டி மாத்திரையும் மீதிப் பேருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்ப்பது. அமெரிக்காவில் அதைச் செய்தார்கள். 50 வயதைத் தாண்டிய 18,353 பேர். தினம் 2,000 யூனிட் டி, ஐந்து வருடத்துக்கும் மேல். முடிவு 2020-ல் வந்தது: மனச்சோர்வு வருவதை மாத்திரை தடுக்கவில்லை, மனநிலை மதிப்பெண்ணிலும் இரு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு ஏற்கெனவே டி போதுமான அளவு இருந்தது. நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்றிய மாதிரி. எனவே குறைவாக இருப்பவர்களுக்கு இதை அப்படியே பொருத்திவிட முடியாது.

நோயாகவே மனச்சோர்வு இருப்பவர்கள் விஷயம் கொஞ்சம் வேறு. புதுச்சேரி ஜிப்மரின் மனநலத் துறையிலிருந்து 2019-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, இப்படிப்பட்டவர்களிடம் செய்த நான்கே சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, டி கொடுத்ததில் நடுத்தரமான பலன் இருந்ததாகச் சொன்னது. நான்கு சோதனை என்பது சின்னக் கூடை. இருந்தாலும், மருந்தோடு கூடச் சேர்த்துக்கொள்ள ஒரு நியாயம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மருந்துக்குப் பதிலாக என்று யாரும் சொல்லவில்லை.

தூக்கத்தில் இன்னும் இழுபறி. ஈரானில் தூக்கக் கோளாறு உள்ளவர்களுக்கு எட்டு வாரம் கொடுத்ததில் தூக்கம் தேறியது. அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற, எடை கூடிய, டி குறைந்த பெண்களுக்கு ஒரு வருடம் தினமும் 2,000 யூனிட் கொடுத்ததில் தூக்கம் தேறவில்லை. இதை வைத்துக்கொண்டு 'டி எடுத்தால் தூக்கம் வரும்' என்று சத்தியம் செய்ய முடியாது.

என் மருத்துவரிடம் இதை நேராகவே கேட்டேன்.

"இது குடிச்சா தூக்கம் வந்துடுமா டாக்டர்?"

"எலும்புக்கும் தசைக்கும்தாம்மா குடுக்கறேன். தூக்கம் வந்தா அது போனஸ்னு வெச்சுக்கோங்க."

சொல்லிவிட்டு அவர் ரிப்போர்ட்டின் நான்காம் பக்கத்துக்குப் போனார். அங்கே சிவப்புக் கட்டம் எதுவும் போடாமல் ஹீமோகுளோபின் 9.8 என்று இருந்தது. "ராத்திரி கால் குடைச்சல் உண்டா?" என்று கேட்டார். உண்டு. படுத்த அரை மணியில் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்கிற மாதிரி இருக்கும், காலை ஆட்டினால்தான் அடங்கும். டி குறைவினால் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இரும்புச் சத்து குறைந்தாலும் இப்படி வருமாம், தூக்கத்தைக் கெடுக்குமாம். ஆக, சிவப்புக் கட்டம் போட்ட இடத்தில் மட்டும் வியாதி இருக்கும் என்று இல்லை. தைராய்டு, பி12, இரும்பு, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது, இவை நான்கையும் பார்க்காமல் டி-யின் தலையில் பழியைப் போட வேண்டாம். இது எந்த வழியைத் தேர்ந்தெடுப்பவருக்கும் பொது.

சரி, இனி வழிகளுக்கு வருவோம்.

வெயில்: எந்த வெயில்?

மாமியாருக்கும் எனக்கும் பெரிய வழக்கே இதில்தான். அவர் கும்பகோணத்துக்காரர். "காத்தால ஆறரைக்கு மாடிக்குப் போய் சூரியனப் பாத்து நில்லும்மா, எல்லாச் சத்தும் வந்துடும்" என்பார். நான் படித்துவிட்டு வந்து, "அத்தை, ஆறரை வெயில்ல டி கிடையாதாம், பதினொரு மணி வெயில்லதான் இருக்காம்" என்றேன். "பதினோரு மணிக்கு நின்னா மயக்கம்தான் வரும்" என்றார்.

இருவர் சொன்னதும் சரிதான். அது எனக்குப் புரியச் சில வாரம் ஆயிற்று.

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களில் 'பி' என்கிற வகை தோலில் பட்டால்தான், அங்கே இருக்கும் ஒரு கொழுப்புப் பொருள் டி-யாக மாறும். சூரியன் தாழ்வாக இருக்கும்போது கதிர் சாய்ந்து, நீண்ட தூரம் காற்றைக் கடந்து வருகிறது. வழியிலேயே அந்த 'பி' வகை வடிகட்டப்பட்டுவிடும். நமக்குப் பக்கத்தில் திருப்பதியில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அங்கே டி உருவாக ஏற்ற நேரம் காலை 11 முதல் மதியம் 2 வரை என்று கண்டார்கள். சென்னையும் ஏறத்தாழ அதே அட்சரேகைதான். கருவி எதுவும் தேவையில்லை. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் அந்த வெயிலில் டி உண்டு. நிழல் பனைமரம் போல நீண்டு கிடந்தால் இல்லை. ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து வாங்கும் வெயிலிலும் இல்லை, அந்தக் கதிரைக் கண்ணாடி நிறுத்திவிடும்.

அப்படியானால் ஆறரை மணி வெயில் வீணா? இல்லை. தூக்கத்துக்கு அதுதான் முக்கியம். ஆனால் அது தோல் வழியாக வருவதில்லை, கண் வழியாக வருகிறது.

கண்ணின் விழித்திரையில், பார்ப்பதற்கென்று இல்லாமல் வெளிச்சத்தின் அளவை மட்டும் மூளைக்குச் சொல்ல என்றே சில செல்கள் உண்டு. இப்படி ஒரு வகை இருப்பதே 2002 வாக்கில்தான் தெளிவாயிற்று. காலை வெளிச்சம் அவற்றில் பட்டதும் மூளைக்குள் இருக்கும் கடிகாரம் 'விடிந்துவிட்டது' என்று குறித்துக்கொள்ளும். அதை வைத்துத்தான் அன்று இரவு மெலட்டோனினை எத்தனை மணிக்குத் திறந்துவிடுவது என்று முடிவாகும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சம் இருநூறு முந்நூறு லக்ஸ் இருந்தால் அதிகம். வெளியே மேகமூட்டமான பகலில்கூடப் பத்தாயிரம் லக்ஸ் வரும். என் கடிகாரம் நாள் முழுக்க டியூப்லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு எது விடியல், எது ராத்திரி என்று எப்படித் தெரியும்?

இதற்கு நல்ல சாட்சி குளிர்நாடுகளிலிருந்து வருகிறது. குளிர்காலம் வந்தால் மனசு இருண்டுபோகும் ஒரு வகைச் சோர்வை, தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கா வந்த நார்மன் ரோசந்தால் என்ற மனநல மருத்துவரும் அவர் குழுவினரும் 1984-ல் விவரித்தார்கள். அதற்கான சிகிச்சை பிரகாசமான விளக்குப் பெட்டி. இன்றைய வழக்கப்படி 10,000 லக்ஸ், காலையில் அரை மணி. கவனியுங்கள், அந்தப் பெட்டிகளில் புற ஊதாவை வடிகட்டிவிடுகிறார்கள். ஒரு சொட்டு டி-யும் அதில் கிடைக்காது. ஆனாலும் மனசு தேறுகிறது. வெயிலில் நின்றால் மனசு லேசாகிறதே, அதில் பெரும்பங்கு டி-யின் வேலை இல்லை, கண்ணில் பட்ட வெளிச்சத்தின் வேலை என்பதற்கு எனக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆக, சூரியன் நமக்கு இரண்டு வாசல் வழியாக வருகிறது. காலையில் கண் வாசல், நடுப்பகலில் தோல் வாசல். அந்தக் காலத்தில் இரண்டும் தன்னால் நடந்திருக்கிறது. விடிகாலையில் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டபோது ஒன்று. பதினொரு மணிக்கு மொட்டை மாடியில் வடாம் காயவைத்துக் காக்கை விரட்டியபோது இன்னொன்று. நமக்கு இரண்டும் போய்விட்டது. கோலம் ஸ்டிக்கராகிவிட்டது, வடாம் பாக்கெட்டில் வருகிறது.

வெயிலின் பெரிய லாபம், அதில் அளவு மீறவே முடியாது. தோலில் டி போதுமான அளவு ஆனதும், மேலும் படும் வெயில் அதைப் பயனற்ற வேறு பொருள்களாக மாற்றிவிடும். செலவும் இல்லை. நட்டம் என்ன? நம் நிறம். தோலில் மெலனின் கூடக்கூட நேரமும் கூடும். மாநிறத்துக்கு முகமும் முழங்கை வரை கையும் தெரிய, வாரத்தில் மூன்று நான்கு நாள் அரை மணியாவது வேண்டியிருக்கும். இது தோராயக் கணக்குதான், ஆளுக்கு ஆள் மாறும். கன்னத்தில் மங்கு இருப்பவர்களுக்கு அது கருக்கும். சித்திரை வெயிலில் பதினொன்றரைக்கு மாடியில் நில் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அப்புறம் 14-ல் இருப்பவரை வெயில் மட்டும் மேலே தூக்க மாதக்கணக்கில் ஆகும். ஏற்கெனவே நல்ல அளவில் இருப்பவர் அதைத் தக்கவைத்துக்கொள்ள வெயில் அருமையான வழி. பள்ளத்தில் விழுந்தவரைத் தூக்க அது கொஞ்சம் மெலிந்த கயிறு.

சாப்பாடு

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இந்தியர்களுக்கு நாளொன்றுக்கு 600 யூனிட் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020-ல் சொன்னது. ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் சுமார் 40 யூனிட். பதினைந்து முட்டை சாப்பிட்டால் கணக்கு நேராகும், வேறு பல கணக்குகள் கோணலாகும். செறிவூட்டிய பால் பாக்கெட்டில் நீல நிறத்தில் 'எஃப்' எழுத்தும் கூட்டல் குறியும் இருக்கும். அந்தப் பாலில் லிட்டருக்கு 200 முதல் 300 யூனிட். அரை லிட்டர் குடித்தால் நூற்றைம்பது தேறலாம். மத்தி, அயிலை மாதிரி எண்ணெய்ச் சத்து உள்ள மீன் வாரம் இரண்டு மூன்று முறை சாப்பிடுகிறவர்கள் கொஞ்சம் அதிர்ஷ்டசாலிகள். எங்கள் வீடு சைவம். காளானை வெயிலில் காயவைத்தால் அதில் டி2 என்ற வகை டி ஊறும் என்கிறார்கள், உண்மைதான். ஆனால் தினம் காளான் யார் சமைப்பது? சாப்பாடு துணைக்கு வரும், தனியாக வண்டி இழுக்காது.

சாஷே, மாத்திரை, ஊசி

மருந்துக்கடையில் 'டி3 சாஷே' என்றால் கையில் வருவது 60,000 யூனிட். பொடி மாதிரி குருணை. நான் முதல் தடவை ஆறிய பாலில் கொட்டிவிட்டுக் கலக்கத் தெரியாமல் கலக்கினேன். பாதி டம்ளர் விளிம்பில் ஒட்டிக்கொண்டது. ஆரஞ்சு மிட்டாய் வாசனை, பாலோடு அது சேர்ந்து என்னவோ செய்தது. கடைக்கார அண்ணன்தான் சொல்லிக்கொடுத்தார்: "கால் டம்ளர் பால்ல கலக்கிட்டு, மேல கொஞ்சம் ஊத்தி அலசிக் குடிங்க மேடம். வெறும் வயித்துல வேணாம், மதியம் சாப்ட்டப்புறம்." டி கொழுப்பில் கரையும் சத்து என்பதால் நெய், எண்ணெய் உள்ள பெரிய சாப்பாட்டோடு எடுத்தால் நன்றாக ஏறும். அண்ணன் சொன்னது சரி.

வழக்கமான முறை, வாரம் ஒன்று வீதம் எட்டு வாரம். அதற்கப்புறம் மாதம் ஒன்று அல்லது தினசரிச் சின்ன அளவு. வகுத்துப் பார்த்தால் வாரம் 60,000 என்பது நாளுக்கு 8,500 யூனிட்டுக்கு மேல். சும்மா நீண்ட நாள் எடுப்பதற்கு மேல் வரம்பாகச் சொல்லப்படும் 4,000-ஐப் போல இரண்டு மடங்கு. பள்ளத்தை நிரப்ப எட்டு வாரத்துக்கு அது சரி. வருடக்கணக்கில் சரியில்லை. மாதம் ஒன்று என்றால் நாளுக்கு 2,000.

சாஷேயின் பலம், மறந்துபோகிறவர்களுக்கு ஏற்றது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு, ஒரு சாஷே, முடிந்தது. அதன் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. எங்கள் குடியிருப்பில் எழுபது வயது மாமா ஒருவர், சீட்டில் 'வாரம் ஒன்று' என்று எழுதியிருந்ததைக் கவனிக்காமல் தினம் ஒன்று குடித்திருக்கிறார். சத்துதானே, சர்பத் மாதிரி நன்றாகவும் இருக்கிறதே என்று இரண்டு மாதத்துக்கு மேல். எழுபது சாஷே என்று வைத்தால் 42 லட்சம் யூனிட். முதலில் மலச்சிக்கல், பிறகு ஓயாத தாகம், வாந்தி, கடைசியில் பேச்சே குழற ஆரம்பித்தது. ரத்தத்தில் கால்சியம் 13-ஐத் தாண்டியிருந்தது. பத்தரையைத் தாண்டினாலே அதிகம். ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் பாட்டிலும் கையுமாகக் கிடந்தார். டி கொழுப்பில் தங்கிவிடுவதால் நிறுத்தின பிறகும் மாதக்கணக்கில் விளைவு இருக்கும். அவர் பொண்டாட்டி இன்னும் வீட்டில் எந்தப் பாக்கெட்டைப் பிரித்தாலும் பின்பக்கம் படிக்கிறார்.

தினசரி மாத்திரை, 1,000 அல்லது 2,000 யூனிட். இது நிதானமான ஆள். ஒரு நாள் விட்டாலும், தவறி ஒரு நாள் இரண்டு போட்டாலும் ஒன்றும் ஆகாது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு, டி கொடுப்பதென்றால் இடைவெளி விட்டுப் பெரிய அளவாகக் கொடுப்பதைவிடத் தினசரிச் சின்ன அளவே மேல் என்று அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கம் 2024-ல் வழிகாட்டியது. மேலே சொன்ன பெரிய ஆய்விலும் இந்த 2,000 அளவைத்தான் ஐந்து வருடம் கொடுத்துப் பார்த்தார்கள், பாதுகாப்பாகவே இருந்தது. விலை சாஷேயைவிடக் கூட வரும், தினமும் ஞாபகம் வேண்டும். லண்டன், டொராண்டோ பக்கம் இருக்கும் நம் ஆட்களுக்கு இதுதான் பொருத்தம் என்பேன். பிரிட்டனில் அக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை எத்தனை நேரம் வெயிலில் நின்றாலும் தோலில் டி உருவாகாது. அங்கே அரசே எல்லோரையும் குளிர்காலத்தில் தினம் 400 யூனிட் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. தெற்காசியத் தோல்காரர்கள் வருடம் முழுக்க எடுக்க யோசிக்கலாம் என்றும் சொல்கிறது. சித்தி மகள் சொன்னது அவள் ஊருக்குச் சரி.

சைவர்கள் ஒன்று தெரிந்துகொள்வது நல்லது. பெரும்பாலான டி3 ஆட்டு ரோமத்தின் மெழுகிலிருந்து எடுக்கிறார்கள். ஆட்டைக் கொல்வதில்லை. ஆனாலும் மனசுக்கு ஒப்பவில்லை என்றால் பாறைப்பாசி மாதிரியான லைக்கனிலிருந்து எடுத்த டி3 கிடைக்கிறது, விலை கூட. காளான் வகையிலிருந்து வரும் டி2-வும் உண்டு, ரத்த அளவை ஏற்றுவதில் அது டி3-க்குக் கொஞ்சம் பின்னால்தான் நிற்கும்.

ஊசி என்பது ஒரே தடவையில் 6 லட்சம் யூனிட். குடலில் சத்து உறிஞ்சாத நோய் இருப்பவர்களுக்கு மருத்துவர் யோசித்துப் போடுவார். 'ஒரே வேலையாக முடிந்துவிடும்' என்பதற்காக நாமாகக் கேட்டுப் போட்டுக்கொள்ளக் கூடாது. ஆஸ்திரேலியாவில் 70 வயதைத் தாண்டிய இரண்டாயிரத்துச் சொச்சம் பெண்களில் ஒரு பாதிக்கு வருடத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட்டை, வாய்வழியாகத்தான், கொடுத்துப் பார்த்தார்கள். எலும்பு முறிவு குறையும் என்று எதிர்பார்த்தால், கீழே விழுவதும் முறிவதும் கூடின. 2010-ல் வந்த முடிவு இது. அதே பெண்களின் மனநிலையையும் பார்த்தார்கள், அதிலும் ஒரு தேற்றமும் இல்லை. உடம்புக்கு ஒரே நாளில் வெள்ளம் விடுவது பிடிக்கவில்லை போல. நண்பரின் யோசனையை நான் அத்தோடு விட்டுவிட்டேன்.

சிறுநீரகக் கல் வந்தவர்கள், சிறுநீரக நோய் உள்ளவர்கள், ரத்த அழுத்தத்துக்குத் தயசைடு வகை மாத்திரையோ இதயத்துக்கு டிகாக்சினோ எடுப்பவர்கள், டிபி சிகிச்சையில் இருப்பவர்கள் எந்த அளவையும் கேட்காமல் தொட வேண்டாம்.

தூக்கத்தையே நேராகப் பிடிப்பது

இது யாரும் எனக்குச் சொல்லாத ஆறாவது வழி. தூக்கம்தான் பிரச்சினை என்றால் தூக்கத்துக்கே வைத்தியம் பார்க்கலாமே. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால், பழக்கத்தையும் எண்ணத்தையும் திருத்தும் சிபிடி-ஐ என்ற முறையைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-லேயே பரிந்துரைத்தது. அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்துக்கு எழுவது, பகல் தூக்கத்தை விடுவது, தூக்கம் வந்தால் மட்டும் கட்டிலுக்குப் போவது. இருபது நிமிடத்துக்கு மேல் புரண்டுகொண்டிருந்தால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவது. கடைசிதான் கொடுமை. நடுராத்திரி ஹாலில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். முதல் வாரம் சோர்வு கூடத்தான் செய்தது.

இதன் பலன் மாத்திரையைப் போல வாரக் கணக்கில் எண்ணாகத் தெரியாது. கடையிலும் கிடைக்காது. ஆனால் தூக்கத்துக்கு என்று சோதித்துத் தேறியதில் இதுதான் முன்னால் நிற்கிறது. மனச்சோர்வும் அப்படியே. இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் ஆசை இல்லை, அழுகை வருகிறது, இருந்து என்ன என்று தோன்றுகிறது என்றால், டி எண்ணைப் பார்த்துக்கொண்டு எட்டு வாரம் காத்திருக்கக் கூடாது. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரவு எத்தனை மணியானாலும் 14416-க்கு, அரசின் டெலி மானஸுக்கு, அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

யாருக்கு எது

ரிப்போர்ட்டில் 20-க்குக் கீழே வந்து, மருத்துவரும் வேண்டும் என்றால், நான் சாஷே பக்கம்தான் சாய்வேன். காலண்டரில் ஞாயிறுகளை வட்டமிட்டு, எட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு. வயதானவர்கள், மறதி உள்ளவர்கள், தனியாக இருப்பவர்கள் இருக்கும் வீட்டில் சாஷே டப்பாவே வேண்டாம், தினசரிச் சின்ன மாத்திரை போதும். 20-க்கும் 30-க்கும் நடுவே வந்தவர்கள் பதற வேண்டியதில்லை. 30-ஐத் தொட்டே ஆக வேண்டும் என்று 2011-ல் சொன்ன அதே நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கம் 2024-ல் அந்த எண்ணை விட்டுவிட்டது. நல்ல ஆரோக்கியத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பரிசோதனையே வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. எனக்கு அந்தப் பரிசோதனைக்கு ஆன செலவில் ஒரு வருடத்துக்கு மாத்திரையே வாங்கியிருக்கலாம் என்று பிறகு கணக்குப் போட்டு வயிறெரிந்தேன். தூக்கமும் மனசும் மட்டும்தான் கவலை, டி எண் பரவாயில்லை என்றால், மருந்துக்கடைக்குப் போக வேண்டாம். காலை வெளிச்சத்துக்குப் போங்கள்.

நான் என்ன செய்தேன் என்று கேட்டால், எட்டு சாஷே, மூன்று மாதம் இரும்பு மாத்திரை. எட்டு வாரம் கழித்துப் பார்த்ததில் டி 38. மாடிப்படி ஏறும்போது தொடையில் இருந்த வலி போயிருந்தது. தூக்கம் அப்படியேதான் இருந்தது. மாமியார் அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, மறுநாள் காலை ஆறரைக்குக் காபியை மொட்டை மாடியில் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கீழே இருந்து கூப்பிட்டார். காபி வேண்டுமென்றால் மேலே போக வேண்டும். போனேன். அரை மணி நேரம் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நடந்தேன். மூன்றாவது வாரத்தில் பதினொன்றரைக்கெல்லாம் கொட்டாவி வர ஆரம்பித்தது. கால் குடைச்சலும் அந்தச் சமயத்தில்தான் குறைந்தது. அதனால் வெளிச்சம் எவ்வளவு செய்தது, இரும்பு எவ்வளவு செய்தது, நடுராத்திரி துணி மடித்தது எவ்வளவு செய்தது என்று பிரித்து எழுத என்னால் முடியாது. மூன்றரை மணி முழிப்பு இப்போதும் வாரத்தில் ஒரு நாள் எட்டிப் பார்க்கிறது.

இப்போது சாஷே இல்லை. தினம் 1,000 யூனிட் மாத்திரை ஒன்று, ஆறரை மணிக் காபி, அவ்வளவுதான். அடுத்த வாரம் மோர்மிளகாய் போடப்போவதாக அத்தை சொல்லியிருக்கிறார். காக்கை விரட்ட ஆள் வேண்டுமாம், பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டு வரை. அந்த நேரத்தில் எனக்கு ஒரு மீட்டிங் இருக்கிறது. போனை எடுத்துக்கொண்டு மேலே போய்விடலாம் என்று இருக்கிறேன்.